டர்பனிலிருந்து குடும்பத்தோடு கடலோரம்: அமைதியான ஊரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு ஊர் தேடுவதில்லை, வீடு தேடுகின்றன. பால்கனியிலிருந்து கடல் தெரிகிற ஒரு படம், கீழே ஒரு விலை, உடனே முன்பணம். அந்த வீட்டின் முன்னால் இருக்கிற கடலில் இறங்க முடியுமா, அந்த வாரம் அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். நான் சொல்லப்போகிற வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் யார் யார் போகிறார்கள் என்று பாருங்கள், அடுத்து வாரம், அடுத்து கடல், அப்புறம் ஊர், கடைசியில்தான் வீடு.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது. நமக்கு வேண்டியது அமைதியான ஊர், ஆனால் காவல் உள்ள கடல். நம் மாகாணமான குவாஸுலு-நட்டாலின் கரையில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அரிது. ஆளே இல்லாத அழகான மணல் என்றால் அங்கே பெரும்பாலும் உயிர்காப்பாளரும் இருக்க மாட்டார், சுறா வலையும் இருக்காது. வலையும் காவலும் இருக்கிற இடத்தில் டிசம்பரில் கெஸிபோ என்கிற நிழல் கூடாரம் போட இடம் கிடைக்காது. இரண்டும் சேருகிற இடத்தையும் வாரத்தையும் கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

முதலில்: யாருக்காகப் போகிறோம்

ஒரு தாளில் போகிறவர்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் வயது, நீச்சல் தெரியுமா, படி ஏற முடியுமா என்று குறியுங்கள். பட்டியலில் யாருக்கு முடியாதோ அவரை வைத்து ஊரை முடிவு செய்யுங்கள். பதினாறு வயதுப் பையன் எந்தக் கடலிலும் சந்தோஷமாக இருப்பான். மூன்று வயதுக் குழந்தைக்கும் முழங்கால் வலிக்கிற ஆயாவுக்கும் சில ஊர்கள்தான் ஒத்துவரும்.

நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் தெரியாது. 1953-ல் நிறவெறி அரசு கொண்டுவந்த தனி வசதிச் சட்டத்தின் கீழ் நல்ல கடற்கரைகள் எல்லாம் வெள்ளையருக்கு என்று பலகை வைத்தார்கள், நமக்கு ஒதுக்கியது சில துண்டு மணல். 1989 நவம்பரில்தான் கடற்கரைகள் எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு சட்டமே நீங்கியது. அதாவது, டர்பனுக்குத் தெற்கே தென்கரையில் உள்ள மார்கேட்டிலும் ஸ்காட்பர்க்கிலும் இன்று உங்கள் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில், உங்கள் அம்மா தன் இளமை முழுவதும் கால் வைத்திருக்க முடியாது. அதனால் "எனக்கு என்ன, நான் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அவரும் பயமில்லாமல் நீரில் உட்காரக்கூடிய இடம் இந்தக் கரையில் இருக்கிறது. அதைத் தேடிப் போங்கள். இந்த வழிகாட்டியை எழுத எனக்கு இருக்கிற பெரிய காரணம் அதுதான்.

இரண்டாவது: வாரம்

ஊரின் அமைதி பாதிக்கு மேல் நாளைப் பொறுத்தது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்திலிருந்து வருகிற, நாம் வாலீஸ் என்று சொல்கிற உள்நாட்டுக் கூட்டம் முழுவதும் இங்கேதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் புத்தாண்டு தினமும் உச்சம். அந்த நாட்களில் எந்த ஊரையும் அமைதி என்று சொல்ல முடியாது. பள்ளிக் காலண்டர் இப்போது எல்லா மாகாணங்களுக்கும் ஒன்றேதான், ஆகவே ஒருவர் விடுமுறை முடிந்த பிறகு நாம் போகலாம் என்ற வழியும் இல்லை.

பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகள் மட்டும் என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச் என் முதல் தேர்வு. கடல் அப்போதுதான் நன்றாகச் சூடேறி இருக்கும், ஏறக்குறைய 25 டிகிரி, வார நாட்களில் மணலில் ஆள் இருக்காது, வாடகையும் இறங்கியிருக்கும். மழை வரலாம், அது ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஏப்ரல், மே மாதத்து நீண்ட வார இறுதிகளைப் பாருங்கள். மழை குறைந்து, காற்று அடங்கி, காலை நேரம் கண்ணாடி போல இருக்கும் மாதம் மே. ஈஸ்டர் வாரம் வேறு கணக்கு: ஊர்கள் நிறைந்துவிடும், மேலும் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளியில் வருவதால் நம்மில் பலர் எங்கேயும் போவதில்லை.

ஜூன், ஜூலை விடுமுறை நாட்டின் மற்றப் பகுதிகளுக்குக் குளிர்காலம். நமக்கு அது நல்ல வெயில், நீர் 20, 21 டிகிரி, கரையிலிருந்தே திமிங்கிலம் பார்க்கலாம். ஆனால் மத்திமீன் கூட்டம், அதாவது சார்டின் ரன், தென்கரையை ஒட்டி வரும்போது சுறா வலைகளை எடுத்துவிடுவார்கள், வலை இல்லாத நாளில் கடலில் குளிக்கத் தடை. குளியல்தான் நோக்கம் என்றால் அந்த வாரங்களில் தென்கரை வேண்டாம். மத்தியைப் பார்க்கவே போகிறோம் என்றால் அதைவிட நல்ல காலம் கிடையாது, மணலில் வாளியோடு நின்று மீன் அள்ளிய அனுபவத்தைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

செப்டம்பர் கடைசி விடுமுறையில் வடகிழக்குக் காற்று பிற்பகலில் மணலை வாரி அடிக்கும், புரட்டாசியும் அதிலேயே விழும். விரதம் இருக்கிற குடும்பம் என்றால் சமையலறை நன்றாக உள்ள வீடு அப்போது கட்டாயம்.

மூன்றாவது: கடல்

இதில் நிதானமாக இருங்கள். வீட்டுச் சொந்தக்காரர் "பீச் பத்தடியில்" என்று சொல்வார். அந்தப் பத்தடியில் இருப்பது பாறையா, ஆற்று முகமா, காவலுள்ள மணலா என்பதுதான் கேள்வி.

சுறா வலையிலிருந்து தொடங்குவோம். 1957 டிசம்பரில் தென்கரையில் அடுத்தடுத்துச் சுறா தாக்கிப் பலர் இறந்து, விடுமுறைக்கு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், ஊர்களே காலியாயின. அதன் விளைவாக 1964-ல் உருவானதுதான் டர்பனை அடுத்த உம்ஹ்லாங்காவில் இருக்கிற ஷார்க்ஸ் போர்ட், அதாவது சுறா வாரியம். ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து போர்ட் எட்வர்ட் வரை சுமார் 320 கி.மீ. கரையில் குறிப்பிட்ட கடற்கரைகளுக்கு மட்டும் வலையும் தூண்டிலும் போடுகிறார்கள். வலை என்றால் கடலை அடைத்துக் கட்டிய வேலி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் சுமார் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி மிதக்கும். சுறா மேலாகவும் கீழாகவும் சுற்றிக்கொண்டும் வரலாம். வலை செய்வது கரையோரம் திரிகிற சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஆகவே வலை இருந்தாலும் விடியலிலும் அந்தியிலும் கலங்கிய நீரிலும் இறங்கக் கூடாது.

அடுத்து உயிர்காப்பாளர். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்க வேண்டும், முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலர் கேட்காமல் விடுவது இதைத்தான்: நான் வருகிற வாரம், வார நாளில், அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர் பணியில் இருப்பாரா, எத்தனை மணி வரை? சிறிய ஊர்களில் கூட்டமில்லாத மாதங்களில் இது மாறும். நகராட்சியின் கடற்கரை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

நீரோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கையால் காட்டுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் அலையே இல்லாமல் கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரிகிற இடம் இருக்கும். புதிதாக வருகிறவர் அங்கேதான் இறங்குவார், அலை இல்லையே என்று. அதுதான் ரிப், கரைக்கு வந்த நீர் எல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது, இழுத்துக்கொண்டு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும். கடல் மீட்பு நிறுவனமான என்எஸ்ஆர்ஐ 2017 முதல் பல கடற்கரைகளில் இளஞ்சிவப்பு மிதவையைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறது. போனதும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், பலகையில் அவசர எண்ணும் இருக்கும். செல்போனில் 112 எங்கிருந்தும் வேலை செய்யும்.

ஆற்று முகத்தை ஒட்டிய கடற்கரையைக் குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. மழைக்குப் பிறகு பழுப்பு நீர் இறங்கும், அதோடு கழிவும் வரும், கலங்கல் நீரில் ஸாம்பெஸி சுறா திரியும். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனின் கழிவுநீர் அமைப்பை உடைத்துப் போட்ட பிறகு எத்தனை கடற்கரைகளை எவ்வளவு காலம் மூடி வைத்தார்கள் என்று நமக்கு நினைவிருக்கும். போவதற்கு முந்தைய வாரம் அந்த நகராட்சியின் ஈ கோலை (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) சோதனை முடிவைக் கேட்டுப் பாருங்கள். 100 மில்லிக்கு 250-க்குள் இருந்தால், சுத்தமான கடற்கரைகளுக்குக் கொடுக்கிற ப்ளூ ஃப்ளாக் என்ற நீலக் கொடியின் தரத்துக்கு உட்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தக் கொடியை முதலில் ஏற்றிய நாடு நம்முடையதுதான், 2001-ல். ஆனால் கொடி ஆண்டுதோறும் கொடுப்பது, போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகலாம். பெருமழை பெய்தால் கொடி இருந்தாலும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் நாட்களில் ப்ளூபாட்டில் என்கிற, கொட்டும் கடல் உயிரி ஒதுங்கும். மணலில் நீலக் குமிழி கிடந்தால் நீரிலும் இருக்கிறது என்று அர்த்தம். பட்டுவிட்டால் ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டு, கடல்நீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போகிற நம் வழக்கம் இதற்கும் உதவும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ நேரே மருத்துவமனை.

டைடல் பூலும் வீட்டு நாட்காட்டியும்

நீச்சல் தெரியாதவர்களுக்கு இந்தக் கரை தந்திருக்கிற வரம் டைடல் பூல். பாறைகளுக்கு நடுவே சிமெண்ட் சுவர் எழுப்பி, நீர் ஏறும்போது கடல் உள்ளே வந்து நிரம்ப, வற்றும்போது உள்ளே நீர் தேங்கி நிற்கும்படி செய்திருப்பார்கள். அலை சுவருக்கு வெளியே உடையும். உள்ளே இடுப்பளவு நீர், சில இடத்தில் தனியாகக் குழந்தைகளுக்கு ஆழமில்லாத பகுதி. ஆயா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தால் நீர் மடியைத் தொட்டுவிட்டுப் போகும், பேரப்பிள்ளை அவர் காலடியிலேயே நீரை அளைந்து விளையாடும், சின்ன மீன்கள் பாறை இடுக்கிலிருந்து வந்து விரலைக் கொத்திப் பார்க்கும். மூன்று தலைமுறை ஒரே நீரில் இருக்க முடிகிற இடம் அது.

ஆனால் நேரம் முக்கியம். நீர் வற்றியிருக்கும்போதுதான் பூல் பத்திரம். ஏற்றத்தின்போது அலை சுவரைத் தாண்டி விழும், சுவர்மேல் நிற்கிறவரைத் தூக்கிப் பாறையில் அடிக்கும். எந்த நாளில் எப்போது வற்றும் என்பதற்கு அலை அட்டவணை கடைகளிலும் போனிலும் கிடைக்கும். அதற்கும் முன்னால், வீட்டுச் சமையலறையில் தொங்குகிற தமிழ் நாட்காட்டியே போதும். நம் கரையில் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் காலை பத்து மணி வாக்கில் நீர் மிக நன்றாக வற்றும், மாலை நான்கு மணி வாக்கில் மிக உயரமாக ஏறும். அதற்குப் பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வாரம் கழித்து, அஷ்டமி வாக்கில், கணக்கு தலைகீழாகிவிடும்: காலை ஏற்றம், மாலை வற்றல், ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசமே குறைவு.

ஆகவே வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒரு நாள் முன்பு போய்ச் சேர்ந்தால் அடுத்த நாலைந்து காலைகள் பூலுக்கு நல்ல நேரத்தில் அமையும். காலை எட்டரைக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் குளித்து முடித்து, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். பிற்பகல் காற்றும் அதற்குப் பிறகுதான் எழும்பும். பூலில் பெரும்பாலும் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார், பெரியவர் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படிகளில் பாசி வழுக்கும், ரப்பர் அடியுள்ள நீர்ச்செருப்பு எல்லோருக்கும் வாங்குங்கள், பெரியவர்களுக்குக் கண்டிப்பாக.

நான்காவது: ஊர்

டர்பனிலிருந்து வடக்கே போனால் என்2 நெடுஞ்சாலையில் ஓதொங்காத்தி, ம்வோட்டி டோல் வரும். தெற்கே போனால் போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து ஒரிபி டோல் வரை ஒன்றும் இல்லை.

வடக்கில் சால்ட் ராக்கும் பாலிட்டோவின் தாம்ஸன்ஸ் பேயும் டைடல் பூலுக்குப் பெயர் போனவை. சுமார் 50 கி.மீ.தான், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் பாலிட்டோ இன்று நகரம். டிசம்பரிலும், ஜூலையில் சர்ஃபிங் போட்டி நடக்கும்போதும் கார் நிறுத்த இடம் இருக்காது. பள்ளி நடக்கிற வாரங்களில் மட்டும் சால்ட் ராக் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அருமையான இடம். இன்னும் மேலே ஜிங்க்வாஸி. அங்கே ஊர் என்றே பெரிதாக ஒன்றும் கிடையாது, கரையோரக் காடு, நீண்ட மணல், பக்கத்தில் ஓர் உப்பங்கழி. படகு துடுப்பு போட விருப்பமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு நல்லது. சாமான் வாங்க டார்னலுக்கோ ஸ்டாங்கருக்கோ போக வேண்டும். ஸ்டாங்கரில் நம் மளிகை எல்லாம் கிடைக்கும், கோயிலுக்கும் போய்விட்டு வரலாம். ஸ்டாங்கரின் கடற்கரையான பிளைத்டேல் பார்க்க அகலமாக அழகாக இருக்கும், நீர் முரடு. காவல் இல்லாத நேரத்தில் கணுக்காலுக்கு மேல் நனைக்க வேண்டாம்.

தெற்கில் முதலில் ஸ்காட்பர்க், சுமார் 60 கி.மீ. மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பம் முதல்முறையாகக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். விரிகுடா போல வளைந்த கரை, அதற்கு மேலே சரிவான புல்வெளி. வெயில் பிடிக்காதவர்கள் புல்லில் பாயை விரித்து உட்கார்ந்தபடியே குழந்தைகளைப் பார்க்கலாம். டைடல் பூல் இருக்கிறது, கடைகள் நடக்கிற தூரம், ஊரிலேயே ஜி.ஜே. குரூக்ஸ் அரசு மருத்துவமனை. உள்நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரத்தில் உம்ஸிண்டோ, கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் வழி வந்தவர்கள் இன்றும் நிறைய இருக்கிற ஊர். கருவேப்பிலையும் மிளகாய்த்தூளும் மறந்துவிட்டால் கவலை இல்லை. குறை என்னவென்றால் பொது விடுமுறை நாட்களில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தெற்கே தள்ளினால் பென்னிங்டன். அமைதி என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் இதுதான். இரவில் தெருவில் சத்தமே இருக்காது, மரங்களுக்கு நடுவே வீடுகள், தோட்டத்தில் மான் வந்து மேயும். டைடல் பூலும் உண்டு. பெரிய கடைக்கு ஸ்காட்பர்க் வர வேண்டும், சாயந்தரம் பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும் என்றால் ஊருக்குள் ஒன்றும் கிடையாது. பதின்ம வயதினர் இரண்டாம் நாளே முனகுவார்கள், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: கரும்பு வெட்டுக் காலத்தில் தோட்டத்தில் தீ வைத்தால் கருந்தூசி பறந்து வந்து கொடியில் காய்கிற துணியில் இறங்கும், அன்றைக்குத் துணியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

ஹிபர்டீன் கொஞ்சம் மலிவு, பூல் நன்றாக இருக்கும், டிசம்பரில் நெரிசல். உம்டென்ட்வேனி அதைவிடச் சின்னது, போர்ட் ஷெப்ஸ்டோன் மருத்துவமனையும் கடைகளும் மிக அருகில், பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிற ஊர். ஒரிபி கோர்ஜ் பள்ளத்தாக்கு பக்கம் என்பதால் மழை விட்ட நாளில் அங்கே போய்வரலாம்.

உவொங்கோவில் அருவி நேராக உப்பங்கழியில் விழும், அதை ஒட்டியே கடல், பார்க்கிற எவரும் அசந்து போவார்கள். கழி சட்டென்று ஆழமாகும், குழந்தைகளை அங்கே தனியே விடாதீர்கள். மார்கேட் உற்சாகமான ஊர், அமைதியான ஊர் இல்லை. ஆனால் ஒரு நாள் பிள்ளைகளுக்காகப் போய்வர மிகவும் நல்லது. அடுத்த ராம்ஸ்கேட்டில் கழியில் மிதிபடகு கிடைக்கும். இவற்றையும் தாண்டி சவுத்புரூம். கரைவரை காடு இறங்கி வரும் ஊர், பூல் இருக்கிறது, சத்தம் என்பதே கிடையாது, விலை மட்டும் கூடுதல். மளிகைக்கு மார்கேட் பக்கம் பத்து கி.மீ. போக வேண்டும். போர்ட் எட்வர்ட் டர்பனிலிருந்து 160 கி.மீ.க்கு மேல், நீண்ட விடுமுறைக்குத்தான் சரி, இரண்டு இரவுக்கு அவ்வளவு தூரம் சின்னக் குழந்தைகளைக் காரில் வைத்துப் போக நான் சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது: வீடு

இங்கே வீடுகள் மணல்மேட்டுச் சரிவில் கட்டியவை. கடல் தெரிகிற வீடு என்றால் நடுவில் படிகள் என்று அர்த்தம். எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று கேட்டு, அந்தப் படியின் படத்தையே அனுப்பச் சொல்லுங்கள். போர்ட் ஷெப்ஸ்டோன் வரைக்கும் தென்கரையில் ரயில் பாதை பல இடத்தில் வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவே ஓடுகிறது, அதை எந்த வழியாகக் கடப்பது என்றும் கேளுங்கள்.

தென்கரையில் கோடையில் தண்ணீர் நின்றுபோவது சகஜம். வீட்டுக்கு ஜோஜோ டேங்க் என்கிற தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அதை பம்ப்போடு குழாயில் இணைத்திருக்கிறார்களா என்பது பார்பிக்யூ அடுப்பைவிட முக்கியமான கேள்வி. பத்துப் பேர் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தால் எந்தக் கடலும் ரசிக்காது. இன்வெர்ட்டர் உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

சமையல் நம் விஷயம். செல்ஃப் கேட்டரிங் என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் இருப்பது நாலு தட்டும் ஒரு சின்னப் பாத்திரமும்தான். பிரியாணிப் பாத்திரம், பிரஷர் குக்கர், அம்மிக்கு பதில் கிரைண்டர், ஒரு கேஸ் அடுப்பு இவற்றை நீங்களே எடுத்துப் போங்கள். கேஸ் அடுப்பை வெளியே பயன்படுத்தலாமா என்று கேட்டுவிடுங்கள். விளக்கேற்றுவதும் சாம்பிராணி போடுவதும் சில இடங்களில் புகை எச்சரிக்கை மணியைக் கிளப்பும், வராண்டாவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடலாம். மணலில் கற்பூரம் ஏற்றுகிறவர்கள் தேங்காய் மூடியையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

குரங்குகள் காலை ஆறரைக்கு வரும். ஜன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தால் போதும், ஒன்று உள்ளே வந்து மேஜையில் உள்ள வாழைப்பழத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகும், ரொட்டி பாக்கெட்டை இரண்டாவது எடுக்கும். பழங்களை அலமாரியில் வையுங்கள், ஜன்னலில் கம்பிவலை உள்ள வீடாகப் பாருங்கள், பிள்ளைகள் தீனி கொடுக்க வேண்டாம்.

மாமாக்கள் தூண்டிலோடு வருகிறார்கள் என்றால் மீன்பிடி உரிமம் தபால் நிலையத்தில் எடுத்துக்கொள்ளட்டும். ஷாட் மீன் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பிடிக்கக் கூடாது, மற்ற காலத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4, அதுவும் 30 செ.மீ.க்குக் குறையாதது. கடற்கரையில் மது குடிப்பதற்கு அபராதம் உண்டு.

ஆறாவது: பணம் கட்டுமுன்

டிசம்பருக்கு முன்னால் போலி வீட்டு விளம்பரங்கள் பெருகும். வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டு, விலையைக் குறைத்து, இன்றைக்கே முன்பணம் அனுப்பினால்தான் என்று அவசரப்படுத்துவார்கள். வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு கேளுங்கள், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கடலைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். உடைப்புக்கான முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், ரத்து செய்தால் எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை பேர் தங்கலாம், பகலில் மட்டும் வருகிற உறவினருக்கு அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம், ஸ்காட்பர்க் தூரத்தில் வீடெடுத்தால் ஞாயிற்றுக்கிழமை டர்பன் சட்ஸ்வொர்த்திலிருந்து அத்தை குடும்பம் மொத்தமும் வந்து சேரும்.

முடிந்தால் பணம் கட்டுமுன் ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி, காலை ஒன்பதரைக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். பூலில் நீர் எவ்வளவு நிற்கிறது, படியில் பாசி எப்படி இருக்கிறது, கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆயா நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உயிர்காப்பாளர் இருந்தால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். எந்தப் பக்கம் ரிப் ஓடும், எந்த நேரத்தில் குழந்தைகளை இறக்கலாம், அடுத்த மாதம் வார நாளில் யாராவது பணியில் இருப்பார்களா, வலையை எப்போது எடுக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுத் தேதியை உறுதி செய்துவிடலாம். டிசம்பர் என்றால் அந்தப் போனை ஏப்ரல், மே மாதத்திலேயே போட வேண்டும், நல்ல வீடுகள் அதற்குள் போய்விடும்.